மேளம் போல இழுத்த துணி

பெரியம்மைக்கு இப்போது வயது 82. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இன்னொரு கண்ணின் பார்வையைச் சர்க்கரை பாதி தின்றுவிட்டது. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. நான் மடியில் விரித்துக் கொடுத்த மேசை விரிப்பை ஓரத்திலிருந்து பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். இலை, காம்பு, பூ, மறுபடி காம்பு. மூன்றாவது மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. "இது நீ தைச்சதாக்கும்?" என்றாள்.

ஆமாம், நான் தைத்ததுதான். அந்த விரிப்பு முழுக்கப் பெரியம்மை கையால் தைத்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். வாங்கிய குடும்பம் இத்தனை காலம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஒரு மூலையில் காம்பும் நாலு இலையும் நூல் அறுந்துபோனதால் என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் போயிருந்தது. தைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சுற்று ஓரத்துப் பொத்தான்காஜாத் தையலைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கனத்தில் நூல் தேடி எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, கூடுமான அளவு கவனமாகத் தைத்தேன். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை என்ற தைரியத்தில்தான் பெரியம்மையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சிய, பெரியம்ம?"

"நீ வளையம் போட்டு, துணிய வலிச்சுப் பிடிச்சுல்லா தைச்சிருக்க. வளையத்த எடுத்தாச்சுன்னா துணி அது இடத்துக்குத் திரும்பப் போயிரும். நூலு எங்க போவும் மக்ளே? அது மேல எந்திச்சு நிக்கி."

நான் இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் எம்ப்ராய்டரி சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் முதல் பாடமே அந்த வளையம், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கிற ஃப்ரேம், போடுவதுதான். அதனால் இந்த ஒரு வரி எனக்கு லேசில் இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பெருவிரலாலேயே அந்தக் காம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மையின் காம்பு ஒன்றைத் தடவிவிட்டு உடனே என்னுடையதைத் தடவினால் தெரிந்தது. அவளுடையது துணியோடு துணியாகப் படுத்திருந்தது. என்னுடையது துணிக்கு மேல், ஒரு மயிரிழை உயரத்தில், தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்

ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். ரொம்ப நல்ல டீச்சர். இன்றைக்கு நான் ஊசி பிடித்துச் சம்பாதிக்கிறேன் என்றால் அவர் போட்ட பிச்சை. பேன்ஸி ஸ்டோரில் ஆறு இஞ்சு மர ஃப்ரேம் வாங்கிவரச் சொல்வார். உள்வளையத்தை மேசையில் வைத்து, மேலே துணியைப் பரப்பி, திருகு உள்ள வெளிவளையத்தை அழுத்தி, திருகை இறுக்கி, சுற்றிலும் துணியை இழுத்து, திரும்ப இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியிடமும் வந்து நடுவிரலால் துணியில் சுண்டுவார். டொக் என்று கேட்டால் தைக்கலாம். கேட்காவிட்டால் கழற்றி மறுபடி போட வேண்டும். "மேளம் மாதிரி இருக்கணும்" என்பார். அந்தச் சத்தம் வருவதற்காக நாங்கள் மூலைகளைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்போம். வீட்டில் பெரியம்மை சும்மா துணியை இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே தைப்பாள். பதினோரு வயதில் எனக்கு அது ஒரு குறையாகத்தான் தெரிந்தது. படிக்காதவள், முறையாகக் கற்றுக்கொள்ளாதவள், அதனால் கையில் பிடித்துத் தைக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் நாற்பது வருஷம் இருந்திருக்கிறது. நல்ல வேளை, வாய்விட்டு அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

முறையாகக் கற்றவள் யார் என்பதை இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் நாகர்கோவில் பக்கம் பெண்கள் ஊசி நூலை வைத்துப் பிழைத்த கதை இருநூறு வருஷத்துக் கதை. 1820களில் லண்டன் மிஷன் பள்ளியில் மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், மிஷன் வரலாற்றிலும் வருகிறது. பெரியம்மை காலத்தில் வேலை வீட்டுக்கே வந்தது. ஏஜெண்ட் அம்மா வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். டிசைன் ஏற்கெனவே துணியில் இருக்கும். ட்ரேசிங் பேப்பரில் ஊசியால் பொடித்துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சில் தொட்டு மேலே தேய்ப்பார்கள். பேப்பரை எடுத்தால் துணியில் நீலப் புள்ளிகளாகப் பூ நிற்கும். அந்த மண்ணெண்ணெய் வாசம்தான் எனக்குப் பெரியம்மை வீட்டு வாசம். பூவுக்கு இவ்வளவு, இலைக்கு இவ்வளவு என்று கூலி. தையல் சுருங்கினால் கூலி கிடையாது, துணிக்காசையும் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட வேலையில் முப்பது வருஷம் இருந்தவள் கைக்கு எதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்?

பெட்டிக்குள் இருந்தது

மறுவாரம் ஊசி, நூல், அதே மாதிரி பழைய வெள்ளைத் துணி ஒன்று எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். பெரியம்மைக்கு ஊசி கோத்துக் கொடுத்தால் போதும், கை தானாகப் போகிறது. துணியை இடது ஆள்காட்டி விரல் மேல் போட்டாள். பெருவிரல் மேலே, நடுவிரல் கீழே. ஆள்காட்டி விரல் வளைவில் துணி லேசாக விறைத்து நிற்கிறது, அவ்வளவுதான். ஊசி முழுக்கக் கீழே போய் வருவதில்லை. துணியின் மேல்பக்கத்திலேயே ஓரிடத்தில் நுழைந்து அரிசி நீளத்தில் வெளியே வந்துவிடுகிறது. வலது கை இழுக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் இடது பெருவிரல் நகர்ந்து வந்து, இப்போது போட்ட தையலை ஒரு தரம் நீவிவிடுகிறது. இதைத்தான் நான் கவனித்ததே இல்லை. அந்த நீவலில் நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. துணி சுருங்கப் பார்த்தால் அடுத்த தையலைச் சற்றுத் தளர்த்துகிறாள். துணிக்கு அதன் இயல்பான அளவிலேயே தையல் விழுகிறது. கழுவினாலும் தேய்த்தாலும் அது இடம் மாறுவதற்கு வழியில்லை.

ஃப்ரேமில் மேளம் போல இழுத்தால் இந்த ஊசி ஓட்டமே நடக்காது. விறைத்த துணியில் ஊசியைச் சாய்த்து நுழைத்து எடுக்க முடியாது. மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே குத்தி, ஒரு தையலுக்கு இரண்டு அசைவு. அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு தையல். அதுவும் நான் எடுத்துக்கொண்டது நாற்பது வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. புதுத் துணியைவிட நன்றாக இழுபடும். மூலையில் தைக்க வேண்டியிருந்ததால் வளையத்துக்கு உள்ளே முழுசாகத் துணி அகப்படவில்லை. ஒரு துண்டுத் துணியை ஓரத்தில் ஒட்டுப்போட்டு நீட்டி, கிராஸாக இழுத்து டொக் என்று கேட்கும்வரை இறுக்கியிருந்தேன். நெடுக்கே ஓடுகிற பாவு, குறுக்கே ஓடுகிற ஊடை இரண்டு இழைக்கும் நேராக இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. சாய்வாக, மூலைவாட்டில் இழுத்தால் ரப்பர் போல நீளும். தையற்கடையில் கிராஸ் கட்டிங் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரிந்த விஷயம். சத்தம் வர வேண்டும் என்ற பழக்கத்தில் கை அதை மறந்துவிட்டது. வளையத்தில் வட்டமாக இருக்கிற பூ, கழற்றியதும் முட்டையாகிவிடுவது இதனால்தான்.

சரி, இனிமேல் ஃப்ரேமே வேண்டாம் என்ற முடிவோடு அன்றைக்கு எழுந்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். பெரியம்மை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்தப் பெட்டிய இங்க இழு" என்றாள். கட்டிலுக்குக் கீழே தகரப்பெட்டி. பழைய புடவை, ஜெபப்புத்தகம், கண்ணாடிக்கூடு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணிப்பை. அதற்குள் நாலு இஞ்சு வளையம் ஒன்று. உள்வளையம் முழுக்க, மரமே தெரியாமல், கிழித்த மல் துணியைச் சரிவாகச் சுற்றிச் சுற்றி, முடியும் இடத்தில் உள்பக்கமாகத் தைத்து வைத்திருந்தது. வெள்ளைத் துணி பழுப்பேறித் தேங்காய்ப் பூ நிறத்துக்கு வந்திருந்தது.

நான் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். பெரியம்மை வளையம் போட்டுத் தைத்து ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை. கேட்டதற்கு, பூ நிரப்புவதற்கு மட்டும் எடுப்பாளாம். அதாவது நாம் சாட்டின் ஸ்டிட்ச் என்று சொல்கிறோமே, இதழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூலால் நெருக்கமாக மூடுவது, அதற்கு. அதையும் பகலில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொள்வாள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கழற்றிவிடுவாள். நாங்கள் சாயங்காலம் பார்த்ததெல்லாம் காம்பும் இலையும்தான்.

கழற்றி வைப்பது

இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. "விளக்கு வைக்கதுக்கு முன்னால வளையத்த எடுத்துரணும்" என்றாள். "ராத்திரி முழுக்கத் துணியக் கட்டிப்போடக் கூடாது. தடம் விழுந்துரும்." என் அலமாரியில் ஒரு திண்டு உறை இருக்கிறது. மயில் டிசைன். தோகை பாதி முடிந்த நிலையில் வகுப்பு வேலை வந்து, அப்படியே ஃப்ரேமோடு உள்ளே வைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தபோது மயிலைச் சுற்றி ஒரு வட்டம். மடிப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். போகவில்லை. வளையத்தின் ஓரம் இழைகளை நசுக்கி, அந்த நசுங்கலில் அழுக்கு சேர்ந்து, திருகு இருந்த இடத்தில் துருக்கறை வேறு. மயிலுக்குக் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்புள்ளி. அதை இன்னும் முடிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளிடம், "பரவாயில்லை, ஃப்ரேமோடயே வச்சுட்டுப் போ, நாளைக்கு வந்து தைக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கழற்றிப் போட நேரமாகுமே என்றுதான். இரண்டு நிமிஷம்தான் ஆகிறது.

சுற்றிய துணிக்கும் காரணம் இருக்கிறது. வழவழப்பான மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் துணி நழுவும். நழுவுவதால் இறுக்குகிறோம், இறுக்குவதால் இழைகள் நசுங்குகின்றன. உள்வளையத்தில் பருத்தியைச் சுற்றிவிட்டால் துணி துணியைப் பிடித்துக்கொள்ளும். திருகைப் பாதி இறுக்கினாலே போதும். நான் இப்போது வகுப்புக்கு வருகிற எல்லாரிடமும் அரை இஞ்சு அகலத்தில் பாவாடை நாடா வாங்கிவரச் சொல்கிறேன். ஒரு சுற்று மேல் அடுத்த சுற்று பாதி ஏறுகிற மாதிரி, இடைவெளி இல்லாமல், முறுக்கு விழாமல் சுற்ற வேண்டும். முடிவை உள்பக்கம் நாலு தையல் போட்டு நிறுத்தினால் சரி. அப்புறம் திருகு எங்கே இருக்க வேண்டும் என்பது. வலது கைக்காரர்களுக்குக் கடிகாரத்தில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் திருகு வந்தால் நூல் போய் அதில் மாட்டாது. கைக்கு நேர்கீழே வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலுக்கும் நூலை விடுவித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். திருப்பிப் போட்டால் அந்தத் தொல்லை அன்றோடு போய்விடும்.

எதற்கு வளையம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று இப்போது என் கைக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது. நூல் துணியின் மேல் நீளமாகக் கிடக்கிற வேலை எல்லாவற்றுக்கும் வளையம் வேண்டும். இதழின் இரண்டு ஓரத்தையும் நூல் தன் பக்கம் இழுக்கும். மெல்லிய துணி அந்த இழுப்புக்கு மடங்கிக்கொடுத்துவிடும். வளையம்தான் அதை எதிர்த்து நிற்கிறது. பிரெஞ்சு முடிச்சுக்கும் வளையம் நல்லது. ஒரு கை நூலை இழுத்துப் பிடிக்க, மற்றொரு கை ஊசியில் சுற்ற, துணி தானே விறைத்து நிற்க வேண்டும். காம்புத் தையல், சங்கிலித் தையல், ஹெரிங்போன், ஓட்டுத் தையல் இவற்றைக் கையில் பிடித்துத் தைத்தால் வேகமும் வரும், ஓட்டமும் ஒழுங்காக இருக்கும். புல்லியன் முடிச்சில் ஊசியைத் துணியில் பாதி நுழைத்து நிறுத்தி, அதன்மேல் நூல் சுற்ற வேண்டும். விறைத்த துணியில் அதைச் செய்ய முயன்று எத்தனை ரோஜாக்களைக் கெடுத்திருக்கிறேன்! துணியைத் தளர்த்தியதும் முதல் தடவையே வந்தது.

ஆரி வேலை செய்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அங்கே கொக்கி மேலிருந்து இறங்கிக் கீழே நூலைக் கவ்வி வர வேண்டும். துணி கொஞ்சம் தளர்ந்தாலும் கொக்கி மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கட்டில் மாதிரி நாலு கட்டையில் ஸ்டாண்ட் கட்டி, ஜாக்கெட் துணியை நாலு பக்கமும் இழுத்துத் தைத்து வைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து இந்தக் கொக்கி வேலை ஐரோப்பாவுக்குப் போனபோது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே டாம்பூர், அதாவது மேளம். எங்கள் டீச்சர் சொன்ன மேளம் இந்த வேலைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். எல்லாத் தையலுக்கும் அதே மேளத்தை நான் அடித்துக்கொண்டிருந்ததுதான் பிழை.

மறுபக்கமும் உண்டு. சில வருஷம் முன்பு ஊட்டியில் ஒரு கடையில் தோடர் பெண்மணி ஒருவர் உட்கார்ந்து பூத்துக்குளிச் சால்வைக்குத் தைப்பதைப் பார்த்தேன். முரட்டு வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். வரைந்த கோடு கிடையாது, புள்ளி கிடையாது, வளையம் கிடையாது. விரல் நுனியால் துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகிறது. அவர்கள் அதைப் புகூர் என்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. துணியைக் கையில் மடித்துப் பிடித்தால்தான் இழை விரலுக்கு எட்டும். வளையத்தில் மாட்டினால் எண்ணுகிற விரலுக்கு வேலை இருக்காது. அந்தத் தையல் துணிக்கு மேலே மேடாக எழும்பி நிற்கும், அந்த மேடுதான் அதன் அழகு. அன்றைக்கு அதை வேடிக்கை பார்த்தேன், இரண்டு பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டிலேயே ஒருத்தி வளையம் இல்லாமல் தைத்தாள் என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

விரிப்பில் நான் போட்ட காம்பையும் நாலு இலையையும் பிரித்தேன். பிரிப்பதுதான் கஷ்டம். வெள்ளையில் வெள்ளையைப் பிரிக்கும்போது துணி இழையை வெட்டிவிடக் கூடாது. பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தையலாக ஊசிக் காதால் தூக்கி வெட்டினேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. பிறகு கையில் பிடித்துத் தைத்தேன். முதல் தடவை தையல் நீளம் ஏறுக்குமாறாக வந்தது, இடது பெருவிரலுக்கு நீவத் தெரியவில்லை. இரண்டாம் தடவை ரொம்ப இறுக்கிவிட்டேன், இலை குழிந்தது. நாலாம் தடவை தைத்ததைத்தான் பெரியம்மையிடம் கொண்டுபோனேன். அவள் மடியில் விரித்து, ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். மூன்றாவது மூலையைத் தாண்டி விரல் போய்விட்டது. நாலாவது மூலையில் நின்று, "எந்த இடம்?" என்றாள். சொன்னேன். திரும்பப் போய்த் தடவினாள். "கொள்ளாம். கடைசி இலையில மட்டும் ஒரு தையல் நீளம்" என்றாள். எண்ணிப் பார்த்தேன். இருந்தது. அதை அப்படியே விட்டுத்தான் விரிப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

நாலு இஞ்சு வளையம் இப்போது என்னிடம் இருக்கிறது. "எனக்கு இனி எதுக்கு" என்று தந்துவிட்டாள். வகுப்பில் இதழ் நிரப்பிக் காட்டும்போது அதைத்தான் எடுக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, எந்த இடத்தில் இருந்தாலும், ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு எல்லாரும் கழற்றுகிறோம். பெரியம்மை சுற்றிய மல் துணி ஓரிரு இடத்தில் நைந்து மரம் எட்டிப் பார்க்கிறது. போன வாரம் அந்த இடத்தில் துணி நழுவவும் ஆரம்பித்துவிட்டது. பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். பாவாடை நாடா வாங்கி வைத்துப் பத்து நாளாகிறது.